பாவு ஓட்டாமல் ஊடை போட முடியுமா?

(தலைப்பு: ‘உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஆங்கிலம் கைவரப் பெரிதும் துணை நிற்பது இலக்கணமே! வாசிப்பே!’ பட்டிமன்றத்தில் ‘இலக்கணமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)

     

அய்யா, எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். அரங்கமே கை தட்டிச்சு. “‘அம்மா, பசிக்குது’ன்னு சொல்ற குழந்தை, எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம் படிச்சுட்டா சொல்லுது? அது பாட்டுக்குக் கேக்குது, அது பாட்டுக்குப் பேசுது. அதே மாதிரி நம்ம பிள்ளைங்க இங்கிலீஷை வாசிச்சுக்கிட்டே இருந்தா தானா வந்துடும்” என்றார். நல்ல கேள்விதான். ஆனா கேள்வி கேட்டவர் கணக்குப் போட மறந்துட்டார். அந்தக் கணக்கை நான் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்.

குழந்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் முழிச்சிருக்குன்னு வைச்சுக்குவோம். அந்த 12 மணி நேரமும் அது காதுல தமிழ்தான் விழுது. தாலாட்டு தமிழ், திட்டு தமிழ், பக்கத்து வீட்டுச் சண்டையும் தமிழ். (சிரிப்பு) நம்ம தமிழ்வழிப் பிள்ளைக்கு இங்கிலீஷ் எவ்வளவு நேரம்? நாளைக்கு ஒரு பீரியடு, 45 நிமிஷம். வருஷத்துக்கு 200 நாள் பள்ளிக்கூடம். ஆக 150 மணி நேரம். ஆறாம் வகுப்புலேர்ந்து பத்தாம் வகுப்பு வரை 5 வருஷம். மொத்தம் 750 மணி நேரம். இதைக் குழந்தையோட 12 மணியால வகுத்துப் பாருங்க. 62 நாள் சொச்சம்! அதாவது, பத்தாம் வகுப்பு முடிச்ச நம்ம பிள்ளை, இங்கிலீஷைப் பொறுத்தவரை, பிறந்து ரெண்டு மாசம் ஆன குழந்தை. அய்யா, ரெண்டு மாசக் குழந்தை என்ன பேசும்? “ங்கா”ங்கும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அந்த 45 நிமிஷமும் வகுப்பு ஒழுங்கா நடந்ததுன்னு வைச்சுக்கிட்டுத்தானேம்மா இந்தக் கணக்கு?

ஆமாங்கய்யா! வருகைப் பதிவேடு, கரும்பலகை துடைக்கிறது எல்லாம் கழிச்சா குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை! (சிரிப்பு) அதனாலதான் சொல்றேன். தாய்மொழி தானா வரும், ஏன்னா அதுக்கு நாம உயிர்க்காலம் முழுக்கக் கொடுத்திருக்கோம். இன்னொரு மொழிக்கு அவ்வளவு நேரம் நம்மகிட்ட இல்லை. நேரம் இல்லாதவனுக்குக் குறுக்கு வழி வேணும். அந்தக் குறுக்கு வழிக்குப் பேர்தான் இலக்கணம்.

அடுத்து, தமிழ்ப் பிள்ளைக்கு இங்கிலீஷ்ல எங்கே இடறுதுன்னு பார்ப்போம். ‘ராமன் கண்ணனை அடித்தான்’னு சொல்றோம். இதையே மாத்தி, ‘கண்ணனை ராமன் அடித்தான்’னு சொன்னா அர்த்தம் மாறுமா? மாறாது. அடிச்சவன் ராமன், வாங்கினவன் கண்ணன். ஏன்? கண்ணன் பக்கத்துல ‘ஐ’ன்னு ஒரு வேற்றுமை உருபு ஒட்டிக்கிட்டு நிக்குது. அவன் எந்த மூலைக்குப் போனாலும், “அடி வாங்கினவன் இவன்தான்”னு அந்த ‘ஐ’ காட்டிக் கொடுத்துடும். இங்கிலீஷ்ல அப்படி இல்லை. ‘ராமன் ஹிட் கண்ணன்’னா அடிச்சவன் ராமன். ‘கண்ணன் ஹிட் ராமன்’னு மாத்திப் போட்டுட்டா, பாவம், ராமன் ஆஸ்பத்திரியில கிடப்பான்! (சிரிப்பு) 1000 வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்துல பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்குல பெரும்பாலும் தேய்ஞ்சுபோச்சு. அந்த வேலையை இப்ப சொல்லோட இடம் பார்க்குது. நம்ம மொழியில உருபு பண்ற வேலையை அங்கே இடம் பண்ணுது. இந்த ஒரு விஷயத்தை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் புரிய வைக்க 10 நிமிஷம் போதும். அதுவாக் கண்டுபிடிக்கட்டும்னு விட்டா எத்தனை வருஷம் ஆகும்?

இன்னொண்ணு. நம்ம பிள்ளைங்க “ஐ டிட் நாட் வெண்ட்”னு எழுதும். திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்துபோகும். அந்தப் பிள்ளைக்கிட்ட, “தாயி, இறந்த காலங்கிறது பஸ் டிக்கெட் மாதிரி. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட்தான். ‘டிட்’ ஏற்கெனவே டிக்கெட் எடுத்துருச்சு. அப்புறம் ‘கோ’வுக்கு எதுக்கு இன்னொண்ணு? அது வெறுங்கையோட ‘கோ’வாவே வரட்டும்”னு சொல்லிப் பாருங்க. “ஐ டிட் நாட் கோ”ன்னு அடுத்த வரியில சரியா எழுதும். ‘கோ’வுக்கு மட்டுமா? ‘ஈட்’டுக்கும் அதே, ‘சீ’க்கும் அதே, ‘கம்’முக்கும் அதே. ஒரு விதி, ஆயிரம் வாக்கியம்! ஒரு பக்கத்தை வாசிச்சா அந்தப் பக்கத்துல இருக்கிற வாக்கியம் கிடைக்கும். ஒரு விதியைப் பிடிச்சா, இதுவரைக்கும் யாரும் எழுதாத வாக்கியமும் கிடைக்கும். (கைதட்டல்)

எதிரணியில் பேசிய தம்பி ஒரு பெரிய மனிதரைத் துணைக்கு அழைச்சார். ஆர். கே. நாராயண். 1906ல் சென்னையில் பிறந்தவர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுல இங்கிலீஷ் பாடத்திலேயே தோத்தவர். அப்புறம் வீட்டுல இருந்து புத்தகம் புத்தகமாப் படிச்சார். 1935ல் ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலை இங்கிலீஷ்ல எழுதி வெளியிட்டார். 1960ல் ‘வழிகாட்டி’க்காகச் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். “இலக்கணமா அவரை எழுத்தாளர் ஆக்கிச்சு? வாசிப்புதானே!”ன்னு தம்பி மேசையைத் தட்டினார்.

தம்பி சொன்ன அத்தனையும் உண்மை. ஆனா ஒரு உண்மையைப் பைக்குள்ளேயே வைச்சுக்கிட்டார். நாராயண் அவர்களோட அப்பா யாரு? தலைமையாசிரியர்! பள்ளிக்கூட நூலகமே அந்தப் பிள்ளைக்குத் திறந்து கிடந்தது. எடுக்க எடுக்கப் புத்தகம். கேட்டால் சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே ஆள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்பு போதும். நான் மறுக்கலை. அய்யா, எங்க அப்பா நெசவாளி. எங்க வீட்டுல இருந்த மொத்தப் புத்தகம் ரெண்டு. ஒண்ணு பஞ்சாங்கம். இன்னொண்ணு ரேஷன் கார்டு! (பலத்த சிரிப்பு) அதுல எதை வாசிச்சு நான் இங்கிலீஷ் கத்துக்கிறது?

சிரிக்கிறோம். ஆனா இந்த இடத்துல ஒரு விஷயத்தை நான் சொல்லியே ஆகணும்.

நான் பத்தாம் வகுப்புப் படிச்சபோது நடந்தது. அப்பா நூல் வாங்குறதுக்காக ஒரு அலுவலகத்துல கடன் வாங்கியிருந்தார். கொஞ்சம் டெபாசிட்டும் கட்டியிருந்தார். ஒரு நாள் அங்கேருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ்ல. தறியை நிறுத்திட்டு எந்திரிச்சு வந்த அப்பா, அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேல்னே அவருக்குத் தெரியலை.

பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டோம். ரொம்ப நல்ல மனுஷர். தினமும் கிளை நூலகத்துக்குப் போய் இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கிறவர். கடிதத்தைப் பார்த்தார். முகம் மாறிப்போச்சு. “மச்சான், ‘பேலன்ஸ்’னு போட்டிருக்கான். ‘டெபாசிட்’னு போட்டிருக்கான். ‘அகெய்ன்ஸ்ட்’னு வேற போட்டிருக்கான். உங்களுக்கு எதிரா ஏதோ நடவடிக்கை மாதிரி தெரியுது. பாக்கியைக் கட்டணும் போலிருக்கு”ன்னார்.

வீட்டுல யாரும் பேசலை. எங்க அம்மா உள்ளே போனாங்க. திரும்பி வரும்போது காதுல தோடு இல்லை. கையில இருந்தது. “இதை வைச்சுட்டு முதல்ல கட்டிட்டு வந்துடுங்க”ன்னு அப்பா கையில கொடுத்தாங்க. (அரங்கில் அமைதி)

நான் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வாக்கியம். “தி பேலன்ஸ் அமவுண்ட் ஹேஸ் பீன் அட்ஜஸ்டட் அகெய்ன்ஸ்ட் யுவர் டெபாசிட்.” அந்த வாரம்தான் வகுப்புல செயப்பாட்டு வினை நடத்தி முடிச்சிருந்தாங்க. டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டுக்கிட்டேன். எழுவாய் எது? பேலன்ஸ் அமவுண்ட். பாக்கித் தொகை. அதுக்கு என்ன ஆச்சு? ‘ஹேஸ் பீன்’ வந்து, கூட வினையோட மூணாவது வடிவம் வந்தா, ‘செய்யப்பட்டாச்சு’ன்னு அர்த்தம். செய்யணும்னு இல்லை, செஞ்சு முடிஞ்சாச்சு! என்ன செஞ்சாங்க? அட்ஜஸ்ட். அந்தச் சொல்லுக்கு அகராதியே வேண்டாம். பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளா உட்காரும்போது நாம எல்லாரும் சொல்றதுதானே, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க”ன்னு! (சிரிப்பு) எதோட அட்ஜஸ்ட்? நம்ம டெபாசிட்டோட. “அப்பா, நாம எதுவும் கட்ட வேண்டியதில்லை. நம்ம டெபாசிட்டுல கழிச்சுக்கிட்டாங்க. கணக்கு தீர்ந்துபோச்சு”ன்னேன்.

அப்பா நம்பலை. நம்பாம இருக்கிறது அவர் குத்தமில்லை. 15 வயசுப் பொண்ணு சொன்னா யாரு நம்புவா? மறுநாள் காலையில கடிதத்தோட நேரா அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். பேரேட்டைத் திறந்து பார்த்தவங்க, “ஆமா, முடிஞ்சுபோச்சு”ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா காதுக்குத் தோடு திரும்பி வந்தது. (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே, உங்களை நான் கேக்குறேன். அந்த மாமாவுக்கு வாசிப்பு குறைவா? எங்க தெருவிலேயே அதிகமா இங்கிலீஷ் வாசிச்சவர் அவர்தான். அவருக்கு எல்லாச் சொல்லும் தெரிஞ்சது. சொல்லுக்கும் சொல்லுக்கும் என்ன உறவுன்னு தெரியலை. கட்டியாச்சா, கட்டணுமான்னு சொல்றது ‘பேலன்ஸ்’ங்கிற சொல் இல்லை, ‘டெபாசிட்’ங்கிற சொல்லும் இல்லை. நடுவுல யாரும் கவனிக்காம நிக்கிற ‘ஹேஸ் பீன்’! வாசிப்பு குத்துமதிப்பைக் கொடுக்கும். பேப்பர் படிக்கக் குத்துமதிப்பு போதும். கடன் பத்திரம் படிக்கப் போதாது. (கைதட்டல்)

நடுவர்: அந்த மாமா அப்புறம் என்னம்மா சொன்னார்?

அன்னிக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து, “தாயி, அந்த இலக்கணப் புத்தகத்தை ரெண்டு நாளைக்கு இரவல் கொடு”ன்னு கேட்டாருங்கய்யா! (சிரிப்பு) அவர் எங்க அணிக்கு வந்துட்டார். நீங்களும் வந்துட்டா நல்லா இருக்கும். (சிரிப்பு)

அந்தப் புத்தகத்தைப் பத்தியும் சொல்லணும். எதிரணியில் ஒருவர், “ரென் அண்ட் மார்ட்டின்னு ஒரு செங்கல். தலைக்கு வைச்சுத் தூங்கத்தான் ஆகும்”னு கிண்டல் பண்ணினார். அந்தச் செங்கலுக்கு முழுப் பேரே உயர்நிலைப் பள்ளி ஆங்கில இலக்கணமும் கட்டுரையும்னுதான். 1930களிலிருந்து இந்தியப் பிள்ளைங்க கையில இருக்கிற புத்தகம். அதை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தரான பி. சி. ரென் யாரு தெரியுமா? நாவலாசிரியர்! 1924ல் ‘போ ஜெஸ்ட்’ங்கிற சாகச நாவலை எழுதி உலகம் முழுக்கப் பேர் வாங்கினவர். இந்தியாவுல ஆசிரியராவும் வேலை பார்த்தவர். கதை எழுதத் தெரிஞ்ச அதே கைதான் ‘நவுன்’ எது, ‘வெர்ப்’ எதுன்னும் எழுதிச்சு. “என் நாவலைப் படிச்சா இங்கிலீஷ் வந்துடும்”னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே! புத்தகமும் வித்திருக்கும், ஒரு வேலையும் மிச்சம். ஆனாலும் உட்கார்ந்து இலக்கணம் எழுதினார்னா, ஏன்? வகுப்புல பிள்ளைங்க எங்கே தடுக்கி விழுறாங்கன்னு அவர் கண்ணால பார்த்தவர்!

நாம மட்டுமா அந்நிய மொழியை இலக்கணம் வழியாப் படிக்கிறோம்? நம்ம தமிழையே எடுத்துக்குங்க. வீரமாமுனிவர் 1680ல் இத்தாலியில் பிறந்தவர். வளர்ந்து ஆளான பிறகு இங்கே வந்து தமிழ் படிச்சவர். ‘தேம்பாவணி’ன்னு காப்பியமே பாடினார். சதுரகராதி தொகுத்தார். தனக்குப் பின்னால தமிழ் படிக்க வர்றவங்களுக்கு அவர் என்ன கொடுத்தார்? “தேம்பாவணியை வாசிங்க, தானா வரும்”னு விட்டாரா? இல்லை. பேச்சுத் தமிழுக்கு ஒரு இலக்கணத்தை, அவங்களுக்குப் புரியற லத்தீன் மொழியில எழுதி வைச்சார். வெளியிலேருந்து ஒரு மொழிக்குள்ள வந்தவருக்குத்தான் தெரியும், வாசல் எங்கே இருக்குன்னு. (கைதட்டல்)

இப்ப ஒரு நியாயத்தையும் பேசிடறேன். இலக்கணம்னா பிள்ளைங்க ஏன் ஓடுது? ‘நவுன்’னா என்னன்னு கேட்டா, விளக்கத்தை ஒரே மூச்சுல ஒப்பிக்கும். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதுல ‘நவுன்’ எதுன்னு கேட்டா, கூரையைப் பார்க்கும். விளக்கத்தை மனப்பாடம் பண்றது இலக்கணம் இல்லைங்க. நீச்சல் அடிக்கிறது எப்படின்னு மனப்பாடம் பண்ணிட்டுக் கிணத்துல குதிக்கிற கதை அது! நான் அரசுப் பள்ளியில ஆங்கில ஆசிரியையா இருக்கேன். என் வகுப்புல ஒரு நாளைக்கு ஒரே விதிதான். அந்த விதியை வைச்சு, அவங்கவங்க வீட்டுல நடந்ததைப் பத்தி அஞ்சு வாக்கியம் எழுதணும். ‘டிட் நாட்’ பாடம் நடத்தின அன்னிக்கு ஒரு பையன் எழுதினான்: நேத்து எங்க வீட்டு ஆடு தண்ணி குடிக்கலை, எங்க அப்பா அதை விக்கலை, எங்க அம்மா அழலை. இதை அத்தனையும் பிழையில்லாத இங்கிலீஷ்ல எழுதியிருந்தான்! அந்த ஆட்டைப் பத்தி எந்த இங்கிலீஷ் கதைப் புத்தகத்துல இருக்கு? அவன் வாழ்க்கையை அவனே எழுத வழி கொடுத்தது எது? அந்த ஒரு விதி!

அப்ப வாசிப்பு வேண்டாமா? யாருங்க அப்படிச் சொன்னது? நெசவாளி மகளா ஒண்ணு சொல்றேன். சேலைக்கு நீளவாக்குல ஓடுறது பாவு. குறுக்கே நாடா கொண்டுபோறது ஊடை. கடையில நீங்க விரிச்சுப் பார்த்து, “ஆகா, பூ நல்லா இருக்கு, புட்டா நல்லா இருக்கு”ன்னு சொல்றீங்களே, அந்த அழகெல்லாம் ஊடையில வர்றது. வாசிப்பு ஊடை மாதிரி. நிறைய வேணும், விதவிதமா வேணும், அழகே அதுதான். ஆனா விடியக்காலம் எந்திரிச்சுத் தெருவுல பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாப் பிணைச்சாத்தான் நாடாவே ஓடும். பாவு இல்லாத தறியில நாடாவை எறிஞ்சுக்கிட்டே இருந்தா என்ன கிடைக்கும்? கை வலிதான் கிடைக்கும். (சிரிப்பு, கைதட்டல்) வருஷக்கணக்கா வாசிச்சும் ரெண்டு வரி எழுதக் கை நடுங்குற எத்தனை பேரை நாம பார்த்திருக்கோம்!

“இப்பத்தான் கைபேசியே திருத்திக் கொடுக்குதே, இலக்கணம் எதுக்கு?”ன்னும் கேட்டாங்க. திருத்தும், சரி. நேர்முகத் தேர்வுல எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் கேள்வி கேக்கும்போது, “கொஞ்சம் இருங்க சார், போனை எடுத்துக்கிறேன்”னு சொல்ல முடியுமா? (சிரிப்பு)

அய்யா, முடிக்கப் போறேன். இது மார்க் பிரச்சினை இல்லை. தமிழ்வழியில படிச்சு, ஊரே மெச்ச மார்க் வாங்கின பிள்ளை கல்லூரிக்குப் போகுது. பாடம் எல்லாம் இங்கிலீஷ். நேத்து வரைக்கும் கை தூக்கிக் கை தூக்கிப் பதில் சொன்ன பொண்ணு, கடைசி பெஞ்சுல போய் உட்கார்ந்து வாயை மூடிக்குது. அறிவு இல்லாமலா? இல்லை. பேசினா தப்பாயிடுமோ, யாராவது சிரிச்சுடுவாங்களோங்கிற பயம். “இது கேக்க நல்லா இருக்கு, சரியாத்தான் இருக்கும்”னு தோணுறது வாசிப்பு. அது வீட்டுலேயே இங்கிலீஷ் கேட்டு வளர்ந்தவங்களுக்குச் சரி. “இது சரி, ஏன் சரின்னும் எனக்குத் தெரியும்”னு நிமிர்ந்து நிக்க வைக்கிறது இலக்கணம். யாராவது சிரிச்சாலும், அந்தப் பொண்ணு தன் வாக்கியத்தைத் தானே ஒரு தடவை சரிபார்த்துட்டுத் தொடர்ந்து பேசும். இன்னொருத்தர் வந்து சரின்னு சொல்லணும்னு காத்துக்கிட்டு நிக்காது. வீட்டுல நூலகம் உள்ளவங்களுக்கு வாசிப்பு சொத்தா வந்துடுது. ஒண்ணும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் சமமா எடுத்துக் கொடுக்கக்கூடியது இலக்கணம். ஒரு பழைய புத்தகம் போதும். அக்கா படிச்சு, தம்பி படிச்சு, சித்தப்பா மகன் படிச்சாலும் அது பழசாகாது.

அந்தப் பிள்ளைங்களை மனசுல வைச்சுக்கிட்டுத் தீர்ப்பு சொல்லுங்க. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஆங்கிலம் கைவரப் பெரிதும் துணை நிற்பது இலக்கணமே, இலக்கணமே! (நீண்ட கைதட்டல்)